இணையச் சுதந்திரமும் அரசுகளின் கூட்டணியும்: நம்மூரில் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு பையிங் ஆபீசில் ஏற்றுமதி டாக்குமெண்ட் பார்ப்பது என் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவிநாசிப் பக்கம் ஒரு நூலகத்தில் நாங்கள் பத்துப் பதினைந்து பேர் கூடுவோம். இணையத்தை முடக்குவது பற்றியும், அதைத் தடுக்க நாடுகள் சேர்ந்து என்ன செய்கின்றன என்பது பற்றியும் அங்கே ஒருநாள் பேசப்போய், அப்புறம் டீக்கடையிலும் பஸ்ஸிலும்கூட அதே சந்தேகங்கள் வந்துகொண்டே இருந்தன. பேக்கிங் லிஸ்ட்டின் பின்பக்கத்தில் குறித்து வைத்த கேள்விகள்தான் இவை. கேட்டவர்களின் வார்த்தைகளை மாற்றவில்லை.

ஏனுங்க, இணையச் சுதந்திரம்னா என்னங்க? யாரு வேணாலும் என்ன வேணாலும் பேசறதுங்களா?

இல்லைங்க. நேரில் பேசும்போது உங்களுக்கு என்ன உரிமை இருக்கிறதோ, அதே உரிமை ஃபோனில் பேசும்போதும் எழுதும்போதும் இருக்க வேண்டும் என்பதுதான் அது. தெருமுனையில் நின்று ஒருவரை வெட்டச் சொல்லித் தூண்டினால் குற்றம். இணையத்தில் தூண்டினாலும் குற்றம். தெருமுனையில் நின்று மேம்பால வேலை ஏன் முடியவில்லை என்று கேட்பது குற்றமில்லை. இணையத்தில் கேட்பதும் குற்றமாகிவிடக் கூடாது.

ஜெனிவாவில் இருக்கும் ஐ.நா. மனித உரிமை மன்றம் 2012 ஜூலையில் ஏற்ற தீர்மானத்தின் மையமும் இதே வாக்கியம்தான்: வெளியில் உள்ள உரிமைகள் இணையத்திலும் காக்கப்பட வேண்டும். சுவீடன் முன்னின்று கொண்டுவந்தது. வாக்கெடுப்பே இல்லாமல் எல்லோரும் ஒப்புக்கொண்டார்கள். பேச்சுரிமை தவிர, இணையம் கிடைப்பது, ஒட்டுக்கேட்கப்படாமல் இருப்பது, குழுவாகச் சேர்வது எல்லாம் இந்தச் சொல்லுக்குள் வருகின்றன.

அது அவங்கவங்க நாட்டுப் பிரச்சினைதானுங்களே. அடுத்த நாட்டுக்காரன் எதுக்கு மூக்கை நுழைக்கோணும்?

2011 ஜனவரிக் கடைசி வாரத்தை நினைத்துப் பாருங்கள். நம்மூரில் யாருக்கும் அந்த வாரம் மறக்காது. நொய்யல் மாசு வழக்கில் உயர் நீதிமன்ற உத்தரவு வந்து சாயப்பட்டறைகள் மூடப்பட்ட நேரம் அது. அதே வாரம் எகிப்தில், அதிபர் முபாரக்குக்கு எதிராக மக்கள் தெருவில் இறங்கியபோது, அரசாங்கம் கிட்டத்தட்ட நாட்டின் முழு இணையத்தையும் அணைத்தது. ஐந்து நாள் ஒன்றும் இல்லை. அணைக்கச் சொன்னது உள்ளூர் அரசு. அணைத்தவற்றில் வெளிநாட்டுக் கம்பெனிகளும் இருந்தன. வோடஃபோன் அங்கே பெரிய நிறுவனம், அதன் தலைமையகம் பிரிட்டனில்.

இதில்தான் முடிச்சு இருக்கிறது. கேபிள் ஒரு நாட்டில், சர்வர் இன்னொரு நாட்டில், ஒட்டுக்கேட்கும் கருவி செய்யும் கம்பெனி மூன்றாவது நாட்டில். உள்நாட்டுப் பிரச்சினை என்று தனியாக எடுத்து வைக்க முடியாத அளவுக்கு எல்லாம் பின்னிக் கிடக்கிறது. போதாக்குறைக்கு, ஒரு நாடு முடக்கிப் பார்த்து, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்தால் பக்கத்து நாடு அதையே செய்கிறது.

அந்தக் கூட்டணி எப்போ ஆரம்பிச்சதுங்க? யாரெல்லாம் இருக்காங்க?

அதே 2011-இல், டிசம்பரில், நெதர்லாந்தின் தி ஹேக் நகரத்தில். பெயர் ஃப்ரீடம் ஆன்லைன் கோயலிஷன், இணையச் சுதந்திரத்துக்காக அரசுகள் சேர்ந்தது. இங்கே ‘கூட்டணி’ என்றே எழுதுகிறேன். நெதர்லாந்து அழைத்தது. 15 நாடுகள் சேர்ந்து தொடங்கின. பிறகு சுமார் நாற்பதாக வளர்ந்தது. ஐரோப்பிய நாடுகள்தான் அதிகம் என்றாலும், கென்யா, கானா, துனிசியா, மெக்சிகோ, மங்கோலியா, ஜப்பான், தென் கொரியாவும் உண்டு. தெற்காசியாவில் மாலத்தீவு மட்டும்.

தலைமைப் பொறுப்பு ஆண்டுக்கு ஒரு நாட்டுக்குப் போகும். மாநாடுகள் நைரோபி, துனிஸ், தாலின், உலான்பாத்தர் என்று சுற்றி வந்திருக்கின்றன. இதில் துனிஸ் எனக்குப் பிடித்த கதை. 2005-இல் ஐ.நா.வின் தகவல் சமூக உச்சி மாநாடு அங்கே நடந்தபோது, சுவிட்சர்லாந்து அதிபர் பேச்சுரிமை பற்றிப் பேசியதை துனிசியத் தொலைக்காட்சி வெட்டிவிட்டது. எட்டே ஆண்டில், சர்வாதிகாரி ஓடிப்போன பிறகு, அதே ஊர் இந்தக் கூட்டணியின் மாநாட்டை நடத்தியது. ஊர் மாறும் என்பதற்கு உதாரணமாகச் சொல்கிறேன். அப்புறம் அங்கே என்ன ஆயிற்று என்பது வேறு கதை, அவ்வளவு நல்லதாக இல்லை.

இதுல நம்ம இந்தியா இருக்குதுங்களா?

இல்லை. 2022 ஏப்ரலில் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் மற்றவர்களும் சேர்ந்து வெளியிட்ட ‘இணையத்தின் எதிர்காலத்துக்கான பிரகடன’த்தில் அறுபது தரப்புகள் சேர்ந்தன. அதிலும் இந்தியா இல்லை.

இதைச் சொன்னதும் கூட்டத்தில் இரண்டு கட்சி ஆகிவிடும். “வெள்ளைக்காரன் கூட்டத்துல நாம எதுக்குங்க” என்று ஒரு பக்கம், “தப்புப் பண்றவன்தான் சேர மாட்டான்” என்று இன்னொரு பக்கம். இரண்டிலும் கொஞ்சம் உண்மை இருக்கிறது. இன்னொருவர் எழுதிய விதிப்புத்தகத்தில் பிறகு வந்து கையெழுத்துப் போட டெல்லிக்கு எப்போதுமே விருப்பமில்லை. சைபர் குற்றம் பற்றிய 2001 புடாபெஸ்ட் உடன்படிக்கையிலும் இதே காரணத்தால்தான் சேரவில்லை. அதே நேரம், உள்ளே சேர்ந்தால் முடக்கங்களைப் பற்றிக் கேள்வி வரும் என்பதும் தெரியாததில்லை.

சேரலைன்னா நமக்கு ஒரு கடப்பாடும் இல்லைன்னு அர்த்தமுங்களா?

அப்படி இல்லை. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான சர்வதேச உடன்படிக்கையில் இந்தியா 1979-இல் சேர்ந்துவிட்டது. அதன் 19-வது பிரிவு, எல்லைகளைப் பொருட்படுத்தாமல், எந்த ஊடகம் வழியாகவும் தகவலைத் தேட, பெற, பரப்ப உரிமை உண்டு என்கிறது. இணையம் பிறக்கும் முன்பே எழுதிய வரி என்றாலும் அதற்கும் பொருந்தும்.

அப்புறம் 2024 செப்டம்பரில் நியூயார்க்கில் ஐ.நா. உறுப்பு நாடுகள் ஏற்றுக்கொண்ட ‘உலக டிஜிட்டல் உடன்பாடு’. இணைய முடக்கங்களைத் தவிர்க்க வேண்டும் என்று அதில் தெளிவாகவே இருக்கிறது. சட்டமாகக் கட்டுப்படுத்தாது, வாக்குறுதிதான். ஆனால் அந்த வாக்குறுதி இந்தியாவுக்கும் சேர்த்துத்தான்.

கூட்டம் போட்டு என்னதானுங்க பண்ணுவாங்க? டீயும் பிஸ்கட்டும் சாப்பிட்டுட்டு வந்துருவாங்களா?

டீயும் உண்டு. மீதி வேலை பெரும்பாலும் வார்த்தைச் சண்டை. ஒரு தீர்மானத்தில் ‘கவலை தெரிவிக்கிறது’ என்று போடுவதா, ‘கண்டிக்கிறது’ என்று போடுவதா என்பதற்கு நாட்கணக்கில் பேசுவார்கள். நம்மூர் ஆட்களுக்கு இது சிரிப்பாக இருக்கும். ஆனால் எல்.சி. (காகிதம் சரியாக இருந்தால் பணம் தருகிறேன் என்று பேங்க் கொடுக்கும் கடிதம்) பார்த்த எவரும் சிரிக்க மாட்டார்கள். எல்.சி.யில் ‘காட்டன்’ என்றும் இன்வாய்ஸில் ‘காட்டன் பிளெண்ட்’ என்றும் இருந்தால், சரக்கு கப்பலில் போனாலும் பேங்க் பணம் தராது. ஒரு சொல்லுக்காக ஒரு கண்டெய்னர் நிற்பதை நான் நேரில் பார்த்திருக்கிறேன்.

2016-இல் ஜெனிவாவில் நடந்ததைப் பாருங்கள். வேண்டுமென்றே இணையத்தைத் தடுப்பதையும் துண்டிப்பதையும் கண்டிக்கும் தீர்மானம் வந்தது. இணையத்தைக் கொண்டுசேர்க்கும் வேலை மனித உரிமை அடிப்படையில் நடக்க வேண்டும் என்ற சொற்றொடரை எடுத்துவிட ரஷ்யாவும் சீனாவும் திருத்தம் கொண்டுவந்தன. அந்தத் திருத்தங்களுக்கு இந்தியா, தென் ஆப்பிரிக்கா, இந்தோனேசியா போன்ற ஜனநாயக நாடுகளும் ஆதரவு கொடுத்தன. திருத்தங்கள் தோற்றன, தீர்மானம் நின்றது. வாக்குகளைத் திரட்டுவது, முன்கூட்டியே தூதரகங்களில் பேசி வைப்பது, யார் எந்த வரியில் வழுக்குவார் என்று கணக்குப் போடுவது என இந்தக் கூட்டணி நாடுகளின் வேலை பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும்.

இது தவிர மூன்று வழிகள் இருக்கின்றன. எங்காவது முடக்கம் வந்தால் சேர்ந்து அறிக்கை விடுவார்கள். 2022-இல் போலீஸ் காவலில் இருந்த இளம்பெண் மாசா அமினி இறந்த பிறகு ஈரானில் நடந்த முடக்கத்துக்கு அப்படி ஒன்று வந்தது. வெளியே தெரியாமல், தூதர் போய் அந்த நாட்டு அதிகாரியைப் பார்த்துப் பேசுவார். மூன்றாவது பணம். டிஜிட்டல் டிஃபென்டர்ஸ் பார்ட்னர்ஷிப் என்று 2012-இல் தொடங்கிய ஒரு நிதித் திட்டம் இருக்கிறது. கணக்கு முடக்கப்பட்ட, மிரட்டப்பட்ட பத்திரிகையாளர்களுக்கும் உரிமைப் பணியாளர்களுக்கும் அவசர உதவி கொடுக்கிறது. என்னைக் கேட்டால், நூறு அறிக்கைகளைவிட இது உருப்படியான வேலை.

அறிக்கை விட்டா எந்த அரசாங்கமுங்க பயப்படும்?

உடனே பயப்படாது. ஆனால் பனியன் கம்பெனியில், சரக்கு வாங்கும் வெளிநாட்டு பையரின் ஆடிட் வரும் நாளை நினைத்துக்கொள்ளுங்கள். வரும் ஆளுக்குப் போலீஸ் அதிகாரம் எதுவும் இல்லை. கையில் ஒரு பட்டியலும் கேமராவும்தான். அவசர வழிக் கதவு பூட்டியிருக்கிறதா, அதற்கு முன்னால் அட்டைப்பெட்டி அடுக்கியிருக்கிறதா, தீயணைப்பான் தேதி முடிந்திருக்கிறதா என்று பார்ப்பார். முதல் சில வருடம் முந்தின ராத்திரி எல்லோரும் சேர்ந்து பெட்டிகளை நகர்த்துவோம், ஆடிட் முடிந்த மறுநாள் அவை பழைய இடத்துக்கே வந்துவிடும். ஆனால் வருடத்துக்கு நான்கு ஆடிட் என்று ஆன பிறகு, நகர்த்தி நகர்த்திச் சலித்துப்போய், அங்கே அடுக்குவதையே விட்டுவிட்டார்கள். இப்போது வேலைக்கு வரும் பையன்களுக்கு அந்தக் கதவின் முன்னால் பெட்டி வைக்கலாம் என்பதே தெரியாது.

சர்வதேச நெறி என்பது இப்படித்தான் ஊறும். ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. பையரிடம் ஆர்டர் இருக்கிறது. கோபம் வந்தால் அதைப் பக்கத்துக் கம்பெனிக்கு மாற்றிவிடுவார். கூட்டணியிடம் அப்படி எடுத்துக்கொண்டு போக ஒன்றும் இல்லை. அதனால் உதவிப் பணத்தையும் வெளிநாட்டு முதலீட்டையும் எதிர்பார்க்கும் சிறிய நாடுகளிடம் அறிக்கை கொஞ்சம் வேலை செய்யும். ஈரான், மியான்மர் மாதிரி ஏற்கனவே எல்லோரோடும் முறித்துக்கொண்ட அரசுகளிடம் அனேகமாக வேலை செய்யாது.

ஐ.நா. சபை இருக்கறப்போ தனியா ஒரு கூட்டம் எதுக்குங்க?

ஐ.நா.வில் எல்லோரும் இருக்கிறார்கள், அதுதான் சிக்கல். 2012 டிசம்பரில் துபாயில், ஐ.நா.வின் தொலைத்தொடர்பு ஒன்றியமான ஐ.டி.யு. தன் பழைய ஒழுங்குமுறையைத் திருத்த மாநாடு கூட்டியது. இணையத்தின் மேல் அரசுகளுக்கு அதிகப் பிடி வேண்டும் என்று ரஷ்யா, சீனா, வளைகுடா நாடுகள் ஒரு பக்கம். கூடாது என்று அமெரிக்காவும் ஐரோப்பாவும் மறுபக்கம். கடைசியில் 89 நாடுகள் கையெழுத்துப் போட்டன, 55 போடவில்லை. இந்தியாவும் அங்கே போடாமல், ஊருக்குப் போய்க் கலந்து பேசிச் சொல்கிறோம் என்று வந்துவிட்டது. கல்யாணப் பேச்சில் மாப்பிள்ளை வீட்டார் சொல்வது மாதிரி.

ஒரே எண்ணம் உள்ளவர்கள் முதலில் தனியாகப் பேசி ஒரு நிலைக்கு வந்தால்தான் பெரிய சபையில் நிற்க முடியும். சங்கத் தேர்தலுக்கு முன்னால் நாலு பேர் டீக்கடையில் உட்கார்வதில்லையா, அதுதான்.

நெட்டை நிறுத்தறதுல நாம எத்தனாவது எடமுங்க?

ஆக்சஸ் நவ் என்ற அமைப்பு ஆண்டுதோறும் கணக்கெடுக்கிறது. 2018 முதல் 2023 வரை தொடர்ந்து ஆறு ஆண்டு இந்தியாதான் முதலிடம். 2023-இல் மட்டும் 116 முறை. 2024-இல் உலகம் முழுவதும் 54 நாடுகளில் 296 முடக்கங்கள். அதில் மியான்மர் 85, இந்தியா 84. ராணுவ ஆட்சி நடக்கும் நாட்டோடு ஒன்று வித்தியாசத்தில் இரண்டாமிடம்.

ஒரு நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். இது எத்தனை முறை என்ற எண்ணிக்கை. ஒரு மாவட்டத்தில் ஒருநாள் நிறுத்தினாலும் கணக்கில் வரும். ராஜஸ்தானில் ஆசிரியர் தேர்வில் காப்பி அடிப்பதைத் தடுக்க நிறுத்தியதும் இதில் வரும், காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் தொடங்கி, 4ஜி முழுதாகத் திரும்ப 2021 பிப்ரவரி வரை ஆனதும் வரும். இரண்டும் ஒன்றல்ல. அரசாங்கமே சரியான கணக்கு வைத்திருந்தால் வெளி அமைப்பின் எண்ணை நம்ப வேண்டியதில்லை. ஆனால் முடக்கங்களுக்கு மத்திய அரசிடம் பதிவேடே இல்லை என்று நாடாளுமன்ற நிலைக்குழு 2021 அறிக்கையில் குறை சொல்லியிருக்கிறது.

கலவரம் நடக்கறப்போ நிறுத்தாம என்ன பண்றதுங்க? வதந்தி பரவி நாலு உசுரு போனா யாரு பொறுப்பு?

இதுதான் இருப்பதிலேயே நியாயமான கேள்வி. கோவைக்காரர்களுக்கு 1998 குண்டுவெடிப்பு நேரம் நினைவிருக்கும். அப்போது வாட்ஸப் இல்லை, வதந்திக்கு அது தேவையும் படவில்லை. அதே நேரம், வாட்ஸப்பில் குழந்தை கடத்தல் வதந்தி பரவி 2018-இல் பல மாநிலங்களில் அப்பாவிகள் அடித்துக் கொல்லப்பட்டதும் உண்மை.

எந்தக் கட்டுப்பாடும் கூடாது என்று சர்வதேச நெறி சொல்லவில்லை. மூன்று கேள்வி கேட்கிறது. சட்டத்தில் இடம் இருக்கிறதா? உண்மையிலேயே அவசியமா? ஆபத்தின் அளவுக்கு ஏற்றதா, இல்லை எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவதா? நம் உச்ச நீதிமன்றமும் 2020 ஜனவரி 10-இல், காஷ்மீர் தொடர்பான அனுராதா பாசின் வழக்கில் இதே அளவுகோலைத்தான் எடுத்தது. இணையம் வழியாகப் பேசுவதும் தொழில் செய்வதும் அரசியலமைப்பின் 19-வது பிரிவின் பாதுகாப்பில் வரும், காலவரையின்றி முடக்கக் கூடாது, முடக்க உத்தரவை வெளியிட வேண்டும் என்றது. பிறகு ஒரு உத்தரவு 15 நாளுக்கு மேல் போகக்கூடாது என்று விதி வந்தது.

தூத்துக்குடியை எடுத்துக்கொள்ளுங்கள். 2018 மே 22-இல் துப்பாக்கிச்சூடு. மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களிலும் ஐந்து நாளுக்கு இணையத்தை நிறுத்த உத்தரவு. அந்த மாவட்டத்துப் பெண்கள் நிறையப் பேர் நம் பனியன் கம்பெனிகளில் இருக்கிறார்கள். செக்கிங் டேபிளில் நின்ற ஒரு பெண், தம்பி மருத்துவமனையில் இருக்கிறானா வீட்டில் இருக்கிறானா என்று தெரியாமல், துணியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே இருந்தது எனக்கு இன்னும் கண்ணில் நிற்கிறது. ஃபோன் பேசலாம்தான், லைன் கிடைத்தால். வதந்தியை நிறுத்துகிறேன் என்று உண்மைச் செய்தியையும் சேர்த்து நிறுத்தினால், அந்த இடத்துக்கு வதந்திதான் வரும்.

பொய்ச்செய்தி, ஆபாசம், ஆன்லைன் சூதாட்டம், இதையெல்லாம் உட்டுறச் சொல்றீங்களா?

முதல் கேள்விக்குச் சொன்னதேதான். வெளியில் குற்றம் என்றால் உள்ளேயும் குற்றம். குற்றம் செய்த பக்கத்தை, ஆளைப் பிடிப்பது வேறு. ஊருக்கே விளக்கை அணைப்பது வேறு.

அமெரிக்காக்காரனே ஊரு ஒலகத்தை ஒட்டுக்கேட்டவன். அவன் வந்து சுதந்திரம் பேசறதை எப்படீங்க நம்பறது?

நம்ப வேண்டாம், பேசியதைப் பிடித்துக்கொள்ளுங்கள். 2010 ஜனவரியில் அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் ஹிலாரி கிளிண்டன் இணையச் சுதந்திரம் வெளியுறவுக் கொள்கையின் ஒரு பகுதி என்று வாஷிங்டனில் பெரிய உரை நிகழ்த்தினார். 2013 ஜூனில் எட்வர்ட் ஸ்னோடன் வெளியிட்ட ஆவணங்கள், அதே நாட்டின் உளவு அமைப்பு எப்படியெல்லாம் அள்ளுகிறது என்று காட்டின. பிரேசில் அதிபர் கோபப்பட்டு அமெரிக்கப் பயணத்தையே தள்ளிவைத்தார். பிரேசிலும் ஜெர்மனியும் சேர்ந்து டிஜிட்டல் காலத்தில் அந்தரங்க உரிமை பற்றிய தீர்மானத்தை அந்த டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபையில் நிறைவேற்றின. ஜெர்மனி கூட்டணியின் உறுப்பினர். சொந்தக் கூட்டாளிக்கு எதிராகவே அதே மொழியைத் திருப்பிப் பிடித்தது.

2026 ஜனவரியில் இன்னொரு திருப்பம். 66 சர்வதேச அமைப்புகளிலிருந்து விலகுவதாக அமெரிக்கா அறிவித்தது. அந்தப் பட்டியலில் இந்தக் கூட்டணியின் பெயரும் இருந்தது. தொடங்கியவர்களில் ஒருவரே எழுந்து போகிறார். பணமும் தூதரக பலமும் அவர்களிடம்தான் அதிகம் என்பதால் கூட்டணிக்கு இது அடிதான். இனி பாரத்தை ஐரோப்பாதான் தூக்க வேண்டியிருக்கும்.

ஒட்டுக்கேக்கற மென்பொருளை விக்கறதும் அவங்க நாட்டுக் கம்பெனிகதானுங்களே?

ஆமாம், கூட்டணியின் உள்ளே இருக்கும் பெரிய ஓட்டை இதுதான். பெகாசஸ் என்ற உளவு மென்பொருள் இஸ்ரேல் நிறுவனத்தின் சரக்கு. வாங்கியவர்களில் மெக்சிகோவும் போலந்தும் உண்டு, இரண்டும் கூட்டணி உறுப்பினர்கள். மெக்சிகோவில் பத்திரிகையாளர்களின் ஃபோனிலேயே அது வைக்கப்பட்டது. உறுப்பினரே தவறினால் வெளியேற்ற வேண்டும் என்று ஆர்வலர்கள் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். கூட்டணி பெரும்பாலும் தொண்டையைச் செருமிக்கொண்டு அடுத்த பொருளுக்குப் போய்விடுகிறது.

ஏற்றுமதிக் கட்டுப்பாடு என்ற வழியில்தான் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. வாசனார் ஏற்பாடு என்பது ஆயுதமும், ராணுவத்துக்கும் சாதாரண வேலைக்கும் ஆகும் இருபயன் பொருள்களும் யாருக்குப் போகின்றன என்று நாடுகள் சேர்ந்து கண்காணிப்பது. 2013-இல் ஊடுருவும் மென்பொருளும் இணையக் கண்காணிப்புக் கருவிகளும் அதன் பட்டியலில் சேர்ந்தன. 2017 டிசம்பரில் இந்தியாவும் வாசனாரில் 42-வது உறுப்பினரானது. பெகாசஸ் செய்த என்.எஸ்.ஓ. நிறுவனத்தை 2021 நவம்பரில் அமெரிக்கா தன் வணிகத் தடைப் பட்டியலில் வைத்தது. அறிக்கையைவிட இன்வாய்ஸை நிறுத்துவது வலிக்கும் என்பது நம்மூர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பொருளாதாரத் தடை போட்டா அங்கிருக்கற சனத்துக்கும் நெட்டு போயிருமுங்களே?

போகத்தான் போயிற்று. ஈரான் மேல் போட்ட தடைகளுக்குப் பயந்து, பல அமெரிக்கக் கம்பெனிகள் அங்குள்ள சாதாரண ஆட்களுக்கும் சேவையை நிறுத்தின. ஒரு பக்கம் தெஹ்ரான் அடைக்கிறது, மறுபக்கம் வாஷிங்டன் அடைக்கிறது. இதைச் சரிசெய்ய அமெரிக்க நிதித்துறை ‘பொது உரிமம் டி’ என்று ஒரு விலக்கு வைத்திருந்தது. 2022 செப்டம்பரில் போராட்டங்கள் வெடித்ததும், அதை விரித்து, கிளவுட் சேவை, தடுப்பைத் தாண்டும் கருவிகள் போன்றவற்றையும் ஈரானியர்களுக்குக் கொடுக்கலாம் என்று மாற்றியது. தாமதம்தான்.

பனியன் கம்பெனிக்காரனுக்கு இதுல என்னங்க இருக்குது?

2024 ஜூலை 18 ராத்திரி. டாக்காவில் எங்கள் ஆபீசோடு வேலை செய்யும் ஒருவருக்கு, லேப் டிப் (துணியின் நிறச் சாம்பிள்) ஷேடு அப்ரூவல் கேட்டு வாட்ஸப் அனுப்பினேன். ஒற்றை டிக். மறுநாளும் ஒற்றை டிக். இட ஒதுக்கீட்டுப் போராட்டம் முற்றி வங்கதேச அரசு முழு நாட்டின் இணையத்தையும் நிறுத்தியிருந்தது. உலகத்துக்கே சட்டை தைக்கும் நாடு, ஒரு மெயில் போகவில்லை. பிராட்பேண்ட் பாதி திரும்பியதும், 24-ஆம் தேதி இரண்டு வரி மெயில் வந்தது: உயிரோடு இருக்கிறோம், ஷேடு இரண்டாவதை எடுத்துக்கொள்ளுங்கள். மொபைல் டேட்டா வர 28 ஆயிற்று. என் ஒற்றை டிக் இரட்டையானது மாதக் கடைசியில்தான்.

அந்த வாரம் இங்கே சிலர் சந்தோஷப்பட்டார்கள், ஆர்டர் இந்தப் பக்கம் வரும் என்று. பையர் அப்படி மட்டும் யோசிப்பதில்லை. இணையம் எப்போது நிற்கும் என்று தெரியாத இடம் என்று ஒரு பட்டியல் வைத்தால், மேலே சொன்ன எண்ணிக்கையில் நம் பெயர் எங்கே இருக்கிறது என்று அவர்களுக்கும் தெரியும். இ-வே பில் எடுக்காமல் லாரி நகராது. ஷிப்பிங் பில் ஆன்லைனில்தான். ஈரோட்டு மஞ்சள் ஏலத்திலிருந்து நாமக்கல் முட்டை விலை வரை ஃபோனில்தான் வருகிறது.

சரிங்க, நாளைக்கு நம்மூர்லயே நிறுத்துனா நாம என்ன பண்ண முடியுமுங்க? ஜெனிவாவுக்கா போறது?

ஜெனிவா வேண்டாம், முதலில் உத்தரவைக் கேளுங்கள். முடக்க உத்தரவு போடும் அதிகாரம் சாதாரணமாக மாநிலத்தில் உள்துறைச் செயலாளருக்குத்தான். மாவட்ட அதிகாரி வாய்மொழியாகச் சொல்லி நிறுத்த முடியாது. உத்தரவில் காரணம் இருக்க வேண்டும், எந்தப் பகுதி, எத்தனை நாள் என்று இருக்க வேண்டும், அது வெளியிடப்பட வேண்டும். ஒரு மறுஆய்வுக் குழு அதைப் பார்த்து, சட்டப்படி இருக்கிறதா என்று பதிவு செய்ய வேண்டும். வெளியிடவில்லை என்றால் அதுவே வழக்குக்கு ஒரு காரணம்.

தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். சாதாரணமாக 30 நாள் அவகாசம். ஒரு முடக்க உத்தரவின் உச்ச வரம்பு 15 நாள் என்பதால், பதில் வரும்போது பெரும்பாலும் இணையம் வந்து பல நாள் ஆகியிருக்கும், ஆனாலும் அந்தக் காகிதம் அடுத்த முறைக்கு உதவும். அவசரம் என்றால் உயர் நீதிமன்றம். கோவை, திருப்பூர், ஈரோடு, நாமக்கல் எல்லாம் சென்னை அமர்வின் கீழ்தான், மதுரைக்குப் போக வேண்டாம். அனுராதா பாசின் தீர்ப்பையும், மேலே சொன்ன சர்வதேச உடன்படிக்கையின் 19-வது பிரிவையும், 2024-இல் ஐ.நா.வில் ஒப்புக்கொண்ட வரியையும் மனுவில் சேர்க்கச் சொல்லி வக்கீலிடம் சொல்லுங்கள். டெல்லி அங்கே ஒப்புக்கொண்டது இங்கே நீதிபதியைக் கட்டுப்படுத்தாது, ஆனால் அதைப் படித்துக் காட்டும்போது அரசு வக்கீல் ஏதாவது பதில் சொல்லியாக வேண்டும்.

கம்பெனி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சின்ன வேலை. எந்த மணிக்கு நின்றது, எந்த ஷிப்மெண்ட் நின்றது, எத்தனை ரூபாய் போயிற்று என்று அன்றன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள். தூத்துக்குடி நிறுத்தத்தின்போது எங்கள் ஆபீசில் யாரும் எழுதி வைக்கவில்லை. அடுத்த மாதம் ஒருவர் வந்து நஷ்டக் கணக்குக் கேட்டபோது, ஆளாளுக்கு ஒரு தேதி சொன்னோம்.